கன்னாதிட்டி யோகராஜாவின் இடக்கை

யோகராஜாவுக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் விரலை நாக்கில் தொட்டுப் பேப்பரைத் திருப்பினால் அருவருப்பு. பாண் விற்கிற பேக்கரிப் பெண் கையுறை போட்ட கையாலேயே மூக்கைச் சொறிந்தால், அந்தக் கடைப்பக்கம் பிறகு தலைவைத்தும் படுக்க மாட்டார். லண்டன் ஹற்றன் கார்டனில், நிலத்துக்குக் கீழே இருந்த நகைப் பட்டறையில் அவர் வேலை செய்தார். அங்கே எல்லோரும் கை கழுவிய தண்ணீரை ஒரு பீப்பாயில் சேர்த்துவைப்பார்கள். அதன் அடியில் பொன்தூள் தங்குமாம். எத்தனையோ பேருடைய அழுக்கும் சோப்பும் எச்சிலும் கலந்த அந்தச் சேற்றைக் கிளறி எடுக்கிற நாளில் யோகராஜா வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் நின்றுவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதர் உலகத்திலேயே எதை அதிகமாக அருவருத்தார் என்று கேட்டால், பீப்பாயையும் அல்ல, பாண்காரியையும் அல்ல. தன்னுடைய தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த இடக்கையைத்தான்.

அது அவராகப் பிடித்த குணமில்லை. மற்றவர்கள் சேர்ந்து ஊட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் நகைக்கடைகள் வரிசையாக இருக்கிற கன்னாதிட்டியில், நகை வேலை செய்கிற குடும்பத்தில், இடக்கைப் பழக்கத்தோடு பிறந்த பிள்ளை அவர். தாய் அந்தக் கை விரல்களில் வேப்பெண்ணெய் பூசினாள். வாத்தியார் அந்தக் கையை வகுப்பு வாங்குப்பலகையின் காலோடு கட்டினார். கொஞ்சநாளில் சாப்பாடு வலக்கைக்குப் போனது, எழுத்து போனது, சுத்தியலும் அரமும்கூடப் போயின. போகாமல் அடம்பிடித்தது சிற்றுளி ஒன்றுதான். பொன்னில் கோடு வெட்டுகிற அந்தச் சின்ன உளி வலக்கையில் இருந்தால் கோடு குளிரில் நடுங்குகிற கிழவனைப் போல நடுங்கும். இடக்கைக்கு மாற்றினால் வழுக்கிக்கொண்டு போகும்.

தகப்பன் அடித்துப் பார்த்தார், பட்டினி போட்டுப் பார்த்தார். கடைசியில் மகன் வெட்டிய ஒரு பிள்ளையார் தாலியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கடையின் பின்னறைக்கு ஒரு திரை போட்டார். "சனத்துக்கு முன்னால வலக்கை. வெட்டிறதெல்லாம் உள்ளுக்க. விளங்குதோ?" என்றார். அவருக்கும் அது அருவருப்புத்தான். ஆனால் வேலை நல்ல வேலை. கால் கழுவுகிற கை என்று ஊர் ஒதுக்கிய கையால் வெட்டிய பிள்ளையாரை வாங்கிப்போன பெண்கள் காலையில் எழுந்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தகப்பன் கல்லாவிலிருந்து கும்பிட்டு வழியனுப்பினார். இந்தப் பாசாங்கை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது, யோகராஜாவுக்கு எப்படி இருந்திருக்கும்!

பாலாம்பிகையைக் கட்டும்போது அவளுடைய தாலியை அவரே வெட்டினார், அதே திரைக்குப் பின்னால். அவள் கொக்குவில்காரி, இங்கிலிஷ் படிப்பித்தவள். மாப்பிள்ளை தன் கையாலேயே வெட்டிய தாலி என்று அவளுக்குப் பெருமை. எந்தக் கை என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியாக அது யாருக்குத்தான் தோன்றும்? பெண்கள் பட்டறைப்பக்கம் போவதில்லை. வீட்டில் யோகராஜா எல்லாவற்றையும் வலக்கையால் செய்தார். அப்படியே வருடங்கள் ஓடின.

எண்பத்து நாலில் அவர் லண்டனுக்கு வந்தார். அடுத்த வருடம் அவளும் வந்து சேர்ந்தாள். மனோர் பார்க்கில் ஒரே ஒரு அறை. அதற்குள் அடுப்பும் கட்டிலும் அவருடைய வேலைப்பலகையும். பகலில் ஹற்றன் கார்டன், மாலையில் வீட்டில் தமிழ்ச்சனத்தின் தாலி வேலை. அவள் கடைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் பனி கொட்டியதால் அவள் பாதிவழியில் திரும்பிவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, என்ன, கையை மாத்திப் பிடிச்சிருக்கிறியள்?"

யோகராஜா உளியை வைக்கவில்லை. வைத்து என்ன பயன்? பார்த்துவிட்டாள். "இதுதான் என்ர கை," என்றார்.

அவளுடைய கை தன்பாட்டில் கழுத்துக்குப் போனது. "அப்ப இதுவும்?"

"ஓம்."

அவள் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் நல்லது. பனியில் நனைந்த கோட்டைக் கழற்றாமலே ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கரைத்து, கழுத்திலிருந்து கழற்றாமல், குனிந்துகொண்டு தாலியை அதற்குள் தோய்த்துத் தோய்த்துக் கழுவினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கழுவினாள். தேத்தண்ணியை அவருடைய வலப்பக்கத்தில் வைத்தாள். கட்டிலில் வலப்பக்கத்தில் படுத்தாள். இடக்கை தவறி அவள்மேல் பட்டால் உடம்பு ஒருகணம் விறைக்கும். அந்த விறைப்பு யோகராஜாவுக்குத் தெரியும். அவர் தூக்கத்திலும் அந்தக் கையைத் தன் முதுகுக்குக் கீழே போட்டுக்கொண்டு படுக்கப் பழகினார். விடியப்புறம் எழும்பினால் கை மரத்துப்போய் வேறொருவருடைய கையாகக் கிடக்கும்.

கொஞ்சக் காலத்தில் அதே தெருவில் ஒரு வீட்டின் முன்னறை கிடைத்தது. அங்கே குறுக்கே திரை தைத்துப் போட்டவள் பாலாம்பிகைதான். லண்டனின் மறுமூலைகளான ஸ்ட்ரெதத்திலிருந்தும் ரெய்னர்ஸ் லேனிலிருந்தும் தாலி வேலைக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். தெரிந்தால் ஒரு சனம் வாசற்படி மிதிக்காது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும், அவளே மிதித்திருக்க மாட்டாள்.

இதில் எனக்குப் பொறுக்கமுடியாத ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்க் கக்கூசில் ஏது தண்ணீர்? வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை வைத்திருந்தவர்கள்கூட வேலைத்தலத்தில் காகிதம்தான். பெற்றோல் ஸ்டேசனிலும் ஆசுப்பத்திரியிலும் கணக்காளர் கந்தோரிலும் எங்கள் சனம் காகிதத்தை எந்தக் கையால் பிடித்தது என்று யாராவது யாரையாவது கேட்டதுண்டா? அதே கையால் கோயிலில் விபூதி வாங்கினார்கள். ஆனால் பொன்னைத் தவிர வேறெதையும் தொடாத ஒருவருடைய இடக்கை அவர்களுக்கு அசுத்தம். துப்ப வேண்டும்போல இருக்கிறது.

ஹற்றன் கார்டன் பட்டறையில் அந்தத் தொல்லை இருக்கவில்லை. மேஸ்திரி பார்க்கர் முதல்நாளே பார்த்துவிட்டு, "இடக்கையா? நல்லது, அந்த மூலை மேசைக்கு வெளிச்சம் அந்தப்பக்கம்தான் வரும், அங்கே உட்கார்," என்றார். அவ்வளவுதான். யோகராஜாவுக்கு அந்த ஆளைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. அந்த நினைப்பு வந்த வேகத்தில் போயும்விட்டது, ஏனென்றால் அதைச் சொன்ன பார்க்கர் அடுத்த நிமிடம் சாணைக்கல்லில் துப்பி உளியைத் தீட்டினார்.

இந்தப் பார்க்கர்தான் ஒருநாள் சந்தைத் தெருவிலிருந்து ஒரு படத்தை வாங்கிக்கொண்டு வந்து சுவரில் மாட்டினார். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஜெர்மன் செப்புத்தகட்டுப் படம் ஒன்றின் மறுபதிப்பு. ஒரு பொற்கொல்லனின் பட்டறை. மேசையைச் சுற்றி வேலைக்காரர்கள். ஒருவன் சுத்தியலை ஓங்குகிறான், ஒருவன் கிண்ணத்தில் கோடு வெட்டுகிறான். சுத்தியலும் உளியும் இடக்கையில்.

"பார், யோகி, எல்லாம் உன் ஆட்கள்," என்று சிரித்தார் பார்க்கர். பிறகு தான் வேலை பழகிய காலத்தில் கேட்ட கதையைச் சொன்னார். ஜெர்மனியில் ஆரம்பத்தில் செப்புத் தகட்டில் படம் வெட்டியவர்களில் கனபேர் பொற்கொல்லர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தானாம். கோயில் கிண்ணத்தில் ஓடிய அதே உளிதான் தகட்டிலும் ஓடியது. வெட்டின கோட்டுக்குள் கறுப்பைத் தேய்த்து, ஈரத்தாளை அழுத்தி, செய்த வேலைக்கு ஒரு மாதிரி எடுத்து வைத்துக்கொள்வார்களாம். அந்தப் பழக்கத்திலிருந்துதான் இந்தப் படத் தொழிலே கிளம்பியது என்று சொல்கிறார்கள் என்றார்.

"நாங்களும் அப்படித்தான் எடுக்கிறது," என்றார் யோகராஜா. உண்மை. விளக்குப் புகைக் கரியை எண்ணெயில் குழைத்துத் தாலியில் தேய்த்து, துடைத்து, தாளை வைத்து விரலால் அழுத்தி எடுப்பது கன்னாதிட்டி வழக்கம். வெட்டிய ஒவ்வொரு தாலிக்கும் ஒரு தாள் எடுத்து ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டுவைத்திருந்தார்.

அன்றிலிருந்து அந்தப் படம் அவருக்குச் சாமிப்படம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு பட்டறை முழுக்க இடக்கைக்காரர்! திரை இல்லை. சன்னல் திறந்து கிடக்கிறது. தெருவால் போகிறவன் எட்டிப்பார்க்கிறான், முகம் சுளிக்கவில்லை. தேத்தண்ணி நேரத்தில் யோகராஜா அதையே பார்த்துக்கொண்டு இருப்பார். அருவருப்பில்லாமல் தேத்தண்ணி குடித்தது அந்தக் காலத்தில்தான்.

எண்பத்தெட்டில் நகரத்து மியூசியம் ஒன்றில் இந்த மாதிரிப் பழைய ஜெர்மன் படங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கர் சொன்னார். அனுமதி இலவசம். யோகராஜா பாலாம்பிகையைக் கூட்டிக்கொண்டு போனார். ஏன் கூட்டிக்கொண்டு போனார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? அவள் பார்க்க வேண்டும். இப்படி ஒரு ஊர் இருந்தது, இந்தக் கையால் வெட்டினவர்களை வெள்ளைக்காரன் கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டிருக்கிறான் என்று அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

மழை நாள். சேலைக்கு மேலே கோட்டுப் போட்டுக்கொண்டு அவள் ஒவ்வொரு கண்ணாடியாகக் குனிந்து பார்த்தாள். ஒரு படத்தில் மாதா, மடியில் குழந்தை.

"சீ! பாருங்கோ, குழந்தை இடக்கையால ஆசீர்வதிக்குது!"

"ஓம், பாத்தனான். அங்க பாரும், அந்தச் சேவகன் வாளை இடக்கையாலதான் பிடிச்சிருக்கிறான். அங்கால எழுதிற ஆளும் அப்பிடித்தான்." குரலில் கல்யாண வீட்டுச் சந்தோசம். "அந்தக் காலத்தில ஜெர்மன்காரர் இதைப் பெரிசா எடுக்கேல்லைப்போல. வெட்டினவன் பொற்கொல்லன். தன்னைப்போலதானே வெட்டுவான்?"

பாலாம்பிகை படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும் முகம் வெளித்தது.

"அப்பிடி இல்லையாம். தகட்டில குழந்தைக்கு வலக்கையாத்தான் வெட்டியிருக்கினம். தாளில பதியேக்க இடம் வலமாத் திரும்பிடுமாம். ஒருத்தற்ற படத்தைப் பாத்து இன்னொருத்தர் அப்பிடியே தகட்டில கொப்பி அடிச்சாலும் திரும்புமாம். குழந்தைக்கு ஒரு பிழையும் இல்லை, தாள் செய்த வேலை." அவள் நிமிர்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். "நல்லகாலம்."

நல்லகாலமாம்!

யோகராஜா கண்ணாடியை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். தகரத்துக்குள் கிடக்கிற அவருடைய கரித்தாள்களில் ஒவ்வொரு பிள்ளையாருக்கும் தும்பிக்கை எதிர்ப்பக்கம் திரும்பித்தானே இருந்தது. தாளில் பதித்தால் திரும்பும் என்று சின்ன வயதிலிருந்து தெரிந்த மனிதர், இத்தனை மாதம் அந்தப் படத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தும் அதை நினைக்கவில்லை. மறந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். நினைக்க மனம் வரவில்லை. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய அந்தப் பட்டறை முழுக்க வலக்கைக்காரர். வலக்கைக்காரர் இல்லாத பட்டறை உலகத்தில் ஏது? திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் கதிரையைத் திருப்பி, படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தேத்தண்ணியில் மறுபடியும் எச்சில் வாசம் அடிக்கத் தொடங்கியது.

இனி அருமைநாயகி அம்மாவின் வீட்டுப் பொன்னுருக்கு.

எங்கள் கல்யாணங்களில் தாலிக்கு வேண்டிய பொன்னை நல்ல நாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் முன்னால் உருக்க வேண்டும். நகை செய்கிறவர் வந்து, சட்டியில் கரி மூட்டி, மூசை என்கிற சின்ன மண்கிண்ணத்துக்குள் பவுண் காசைப் போட்டு, ஊதி உருக்குவார். உருகிய பொன் ஒரு சொட்டுச் சிந்தக்கூடாது. சிந்தினால் அபசகுனம், பெண்ணைப் பெற்றவர்கள் அழுதே விடுவார்கள். யோகராஜா இதற்குப் போகும்போதெல்லாம் காலையிலிருந்தே வலக்கையைப் பிசைந்து பிசைந்து சூடாக்கிக்கொண்டு போவார். குறடு பிடிப்பது வலக்கைக்கு முடியாத வேலையில்லை. ஆனால் எல்லோருடைய கண்ணும் கையில் இருக்குமே.

தொண்ணூற்றொன்றில், கோடையில், ரெய்னர்ஸ் லேனில் நடந்தது. அருமைநாயகி அம்மாவின் இளைய மகனுக்குக் கல்யாணம். பெண் ஸ்ட்ரெதம். முன்னறைக் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு மணல் பரப்பி, கரிச்சட்டி வைத்து, குத்துவிளக்கும் ஏற்றியிருந்தார்கள். பாலாம்பிகை குங்குமச் சம்புடமும் வெற்றிலைத் தட்டுமாகப் பக்கத்தில் இருந்தாள். காசு உருகிக் கண்போல மினுங்கத் தொடங்கியது. யோகராஜா குறட்டால் மூசையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து, கூரையில் இருந்த புகை அலாரம் வீல் என்று கத்தியது.

வீடு துள்ளியது. யாரோ பின்னால் பாய்ந்தார்கள், யாருடைய முழங்காலோ யோகராஜாவின் வலக்கையில் இடித்தது. குறடு நழுவியது. மாப்பிள்ளை நேர் எதிரே, சம்மணம் கட்டி, வேட்டியோடு. அப்போது அந்த இடக்கை போய்க் குறட்டைப் பிடித்தது. எட்டிப் பிடித்து, நிமிர்த்தி, சாய்ந்த மூசையை நேராக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் மணலில் கொண்டுபோய் இறக்கியது. யோகராஜாவைக் கேட்டா செய்தது? இல்லை. கேட்டிருந்தால் அவர் விட்டிருக்க மாட்டார்.

ஒருவர் கூட்டுகிற தும்புத்தடியால் அலாரத்தை அடித்து அடக்கினார். "நல்லகாலம், சிந்தேல்லை," "பிள்ளைக்கு ஒண்டும் ஆகேல்லை," என்று சனம் கலகலத்தது. ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. அருமைநாயகி அம்மா மட்டும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பொன் ஆறி, வெற்றிலையில் வைத்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தான பிறகு, அவர் யோகராஜாவையும் பாலாம்பிகையையும் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, தவறிப் பிடிச்ச கை இல்லை உது. பழகின கை." அவருடைய கண் யோகராஜாவின் முழங்கைக்குக் கீழேயே நின்றது. "பிள்ளையாரை எந்தக் கையால வெட்டிறனீங்கள்?"

யோகராஜா பாலாம்பிகையைப் பார்த்தார். வலக்கை என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும். இங்கிலிஷ் படிப்பித்தவள், கோயிலில் மதிப்புள்ளவள், அருமைநாயகி அம்மா நம்பியிருப்பார். அவள் அடுப்புக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது மட்டும் சிவந்திருந்தது. அவர் இடக்கையை முன்னால் நீட்டி, "இதாலதான் அம்மா," என்றார்.

"சீ!" அருமைநாயகி அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். அழுகின இறைச்சியைத் திறந்தவர் முகம் அப்படித்தான் இருக்கும். "என்ர மூத்த மருமகளின்ர கழுத்தில கிடக்கிறதும் உங்கட வேலைதானே? கடவுளே. பிள்ளைத்தாச்சி அவள், ராவும் பகலும் போட்டுக்கொண்டு திரியிறாள்!"

"அம்மா, வெளியில தெரிஞ்சா எங்கட சீவியம் போயிடும்," என்றாள் பாலாம்பிகை. அப்போதுதான் அவளுக்கு வாய் வந்தது.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நானும் ரண்டு பெடியளைக் கரைசேர்த்தவள்தான், ஆரின்ர சோத்திலயும் மண்ணைப் போட மாட்டன். ஆனால் இந்தத் தாலியை இவர் இஞ்ச வந்து, என்ர கண்ணுக்கு முன்னால, வலக்கையால வெட்டித் தரவேணும். இல்லாட்டி நான் என்ன செய்வன் எண்டு எனக்கே தெரியாது."

"போகமாட்டன்," என்று யோகராஜா அன்றிரவு படுக்கும்போது சொன்னார். பாலாம்பிகை அழுதாள். இத்தனை பேருடைய கழுத்தில் இருக்கிற தாலி, எல்லாரும் வந்து வாசலில் எறிந்தால் எங்கே போய் நிற்பது என்று கேட்டாள். அவர் எழும்பிப்போய் உளியைத் தீட்டினார்.

அடுத்த சனிக்கிழமை போனார்கள். அடித்து, அராவி, மினுக்கிய தாலியைப் பலகையில் அரக்கு வைத்துப் பதித்துக்கொண்டு போயிருந்தார். வெட்டுவதுதான் பாக்கி. சாப்பாட்டு மேசையில் புதுத் துவாய் விரித்து விளக்கேற்றி, எதிரே கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு அருமைநாயகி அம்மா இருந்தார். யோகராஜா உளியை வலக்கையில் எடுத்தார், பலகையைத் திருப்ப இடக்கையை நீட்டினார்.

"பொறுங்கோ. அந்தக் கை தாலியில படப்போகுது."

"ஒரு கை வெட்ட மற்றக் கை பலகையைத் திருப்பவேணும், அம்மா. ஒற்றைக் கையால ஏலாது."

அருமைநாயகி அம்மா குசினிக்குள் போனார். பாத்திரம் கழுவப் போடுகிற மஞ்சள் ரப்பர் கையுறை ஒன்றோடு வந்தார். புதுசு, பெட்டி உடைக்காதது. மற்றவருக்கு உபகாரம் செய்கிற பாவனையோடு மேசைமேல் வைத்தார். "உதைப் போட்டுக்கொள்ளுங்கோ."

போட்டார். போட்டுக்கொண்டு, சுமார் மூன்று மணித்தியாலம், அந்த மஞ்சள் கையால் பலகையைத் திருப்பித் திருப்பி வலக்கையால் வெட்டினார். கையுறைக்குள் வேர்வை ஊறி விரலிடுக்கில் சளசளத்தது. ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறியது. கோடு நடுங்கியது. நடுங்கிய கோட்டை நேராக்கப் போய் இரட்டைக்கோடு ஆனது. தும்பிக்கையில் உளி வழுக்கி வயிற்றுக்கு நடுவால் ஒரு கீறல் விழுந்தது. மினுக்கிப் பார்த்தார், போகவில்லை. கண் வெட்டுகிற இடத்தில் இரண்டு குத்துத்தான் வந்தது. அந்த ஜெர்மன்காரரைத் தாள் இடக்கைக்காரர் ஆக்கியது. இவரை இந்தச் சாப்பாட்டு மேசை வலக்கைக்காரர் ஆக்கிவிட்டது.

வாழ்நாளில் அவர் வெட்டிய மிகக் கேவலமான வேலை அது. பட்டறையில் முதல்நாள் பழகவந்தவன் செய்திருந்தால்கூட வாங்கி உருக்கியிருப்பார். பொய் எனக்குப் பொறுக்கும், பொல்லாப்பும் பொறுக்கும். தெரிந்துகொண்டே கெட்டவேலை செய்யவைப்பது இருக்கிறதே, அதைப்போல அசிங்கம் வேறில்லை.

அருமைநாயகி அம்மா தாலியை இரண்டு கையிலும் ஏந்தி வாங்கினார். மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் இல்லை. வலக்கண்ணில் ஒற்றினார், இடக்கண்ணில் ஒற்றினார். "இப்பதான் எனக்கு மனம் நிறைஞ்சுது. என்ன சுத்தமான வேலை!" என்றார்.

பாலாம்பிகை வழக்கப்படி கரித்தாள் எடுப்பதற்காகத் தாளையும் கரி குழைத்த சம்புடத்தையும் வெளியே எடுத்தாள். யோகராஜா அதைத் தள்ளிவிட்டார். "உதுக்குத் தாள் தேவையில்லை."

கையுறையைக் கழற்றினார். உள்ளே இருந்த கை, தண்ணீரில் கிடந்த பிணத்தின் கைமாதிரி, வெளிறிச் சுருங்கியிருந்தது. அருமைநாயகி அம்மா கையுறையை நுனிவிரலால் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அவர்களுக்குத் தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்தார். யோகராஜா தொடவில்லை.

திரும்பும்போது ரயில் பெட்டி பாதிக்குமேல் காலி. யோகராஜா ஓரமாக உட்கார்ந்து இடக்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். பாலாம்பிகை கொஞ்சநேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து அவருடைய இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை.

சட்டைக்குள்ளிருந்து தன் தாலியை வெளியே எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மஞ்சளில் தோய்த்துத் தோய்த்துக் கோடுகளின் அடியில் ஒரு மஞ்சள் படை ஏறியிருந்தது. அதற்குமேலும் ஒவ்வொரு கோடும் அவர் வெட்டியபடியே நின்றது. பிள்ளையாரின் கண் அவளைப் பார்த்தது.

"அந்தப் பெட்டை பாவம்," என்றாள். "அந்தப் பிள்ளையாருக்குக் கண்ணே இல்லை."

யோகராஜா எதிரே இருந்த வெறும் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்குக் குசினியில நான் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். வாய் வரேல்லை." தாலியைச் சட்டைக்குள் விடாமல் வெளியிலேயே விட்டாள். உள்ளங்கையை விரித்து அவருடைய மடிப்பக்கம் நீட்டினாள். "இஞ்சாருங்கோ. அந்தக் கையைத் தாங்கோ."

அவர் திரும்பி அந்த உள்ளங்கையைப் பார்த்தார். இடக்கை பைக்குள்ளேயே இருந்தது, ரப்பர் நாற்றம் துணிக்கு மேலாலும் வந்துகொண்டிருந்தது. வலக்கையை எடுத்து, மடிக்குக் குறுக்காக நீட்டி, அவளுடைய கையில் வைத்தார்.

"இதைப் பிடியும்," என்றார். "இதுதான் சுத்தமான கை."

அவள் விடவில்லை. இறங்க வேண்டிய இடம் வரைக்கும் இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டே இருந்தாள்.